வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டை

இன்னும் சொட்டவில்லை. சொட்டாது என்று சொல்லிவிடவும் முடியாது. அர்த்தநாரி போர்ட்டிகோவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஸ்டாண்டில் நின்றபடி ஓடிக்கொண்டிருக்கிற பைக்கின் அடிவயிற்றையே முறைத்துக்கொண்டிருந்தார். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம்தான் ஆகிறது. ஐந்து நிமிடமெல்லாம் ஒரு சோதனையா. ஆறின ஆயில் கெட்டியாக இருக்கும், சந்து இருந்தாலும் வெளியே வராது, பெரிய யோக்கியனைப் போல உள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். சூடு ஏறி இளகின பிறகுதான் அதன் லட்சணம் தெரியும். அரைமணி நேரமாவது ஓடவேண்டும். நின்ற இடத்தில் ஓடுகிற வண்டிக்குக் காற்று போதாது என்று டேபிள் ஃபேனை எடுத்துவந்து எதிரில் வைத்திருந்தார். வண்டிக்கு அடியில் போன வருஷத்துக் காலண்டர் அட்டையைப் பின்பக்கம் திருப்பி விரித்திருந்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு சொட்டு விழுந்தாலும் பொட்டு வைத்த மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். மணி மூன்றரை. நான்கு மணிக்குத் துளசிமணி எழுந்துவிடுவாள். இடுப்பு எலும்பு உடைந்து, கம்பி வைத்துத் தைத்து, ஏழு வாரம் கட்டிலும் அறையுமாகக் கிடந்தவள் இன்றைக்கு முதல்தடவையாக வாக்கரைப் பிடித்துக்கொண்டு இந்தப் போர்ட்டிகோவில் நடக்கப்போகிறாள். இந்தக் கோடியிலிருந்து கேட் வரைக்கும், கேட்டிலிருந்து இந்தக் கோடி வரைக்கும். ரூமுக்குள்ளேயே நடந்தது போதும் ஆன்ட்டி, நாளையிலிருந்து வெளியே வாங்க என்று நேற்று பிசியோ பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஏழு வாரத்துக்கு முன்னால் துளசிமணி வழுக்கி விழுந்ததும் இதே இடத்தில்தான். இந்த வண்டியிலிருந்து சொட்டின ஆயிலில்தான். அது அர்த்தநாரிக்குத் தெரியும். துளசிமணிக்குத் தெரியாது.

கருமம் பிடித்த நாற்றம். கருகின ஆயில் வாடை மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, மத்தியானம் சாப்பிட்ட ரசம்சாதத்தில்கூட அதுதான் இருந்தது. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. எழுபது வயதில் உள்ளங்கையில் இத்தனை கோடு எதற்கு, அழுக்கு ஏறி உட்காருவதற்கா. கோடு கோடாகக் கறுப்பு ஓடி, கை ஏதோ சுடுகாட்டில் எடுத்த சாமான் மாதிரி இருந்தது. காலையில் ஆயிலை வடித்துவிட்டு, கிக்கரைக் கழற்றி, ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றி, கிளட்ச் கவரைத் தட்டி இழுத்தபோது உள்ளே இருந்தது கண்ணில் பட்டது. டீயில் முக்கி மறந்துபோன வர்க்கியைப் போல ஊறி, உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து தொங்கியது அவர் வெட்டி வைத்த பேக்கிங். கடையில் கேஸ்கெட் என்று கேட்கவேண்டும். மில்லில் எல்லோருக்கும் அது பேக்கிங்தான். இரண்டு உலோகம் சேருகிற இடத்தில் நடுவே கொடுக்கிற தாள். உலோகம் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் உலோகத்தோடு முழுசாகப் பொருந்தாது, நடுவில் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கிற சாமான் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிறது வெளியே வந்துவிடும். முப்பத்தோரு வருஷம் நூல்மில்லில் ஃபிட்டராக இருந்தவருக்கு இதை எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஊறின தாளைச் சுரண்டி எடுக்கும்போது ஒரு துண்டில் பொன்னெழுத்து இன்னும் மினுங்கியது. சுற்றமும் நட்பும் சூழ, என்று இருந்தது. அடுத்த துண்டில் பிள்ளையாரின் பாதி. சகலை வீட்டுப் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை. பிள்ளையாரை வெட்டக்கூடாது என்று அன்றைக்கு ஒதுக்கித்தான் வெட்டினார். அப்படியும் தும்பிக்கை உள்ளே மாட்டிக்கொண்டது போலிருக்கிறது. ஒன்றரை மாதத்துக்கு மேலாக ஆயிலில் வெந்திருக்கிறது. சீ என்று துண்டைச் சாக்கில் போட்டார். சாமிக்குச் சொன்ன சீயா, தனக்குச் சொன்ன சீயா என்று நின்று யோசிக்கிற ஆள் இல்லை அவர். ஆனால் அது காலையிலிருந்து காதிலேயே நிற்கிறது.

ஏழு நிமிடம். கவரின் கீழ் விளிம்பு காய்ந்துதான் இருக்கிறது. விரலை வைத்துப் பார்க்கலாமா. வேண்டாம், கையிலேயே ஆயில், தொட்டால் எது புதுசு எது பழசு என்று தெரியாது. அந்தப் பத்திரிகையை யார் வெட்டச் சொன்னது. வண்டி அப்போது சொட்டவேகூட இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கவர் ஓரத்தில் ஈரம் பூத்துத் தூசி ஒட்டிக்கொண்டு இருந்தது, அவ்வளவுதான், துடைத்தால் போயிற்று. இருபத்திரண்டு வருஷத்து வண்டிக்கு அதுகூட இல்லாமல் இருக்குமா. அவருக்குத்தான் பொறுக்கவில்லை. கடைக்குப் போய்க் கேட்டார். அந்த மாடலுக்கு ரெண்டு நாள் ஆகுமுங்க, வரவழைச்சுத் தர்றேன் என்றான் கடைக்காரன். ரெண்டு நாள். ஒரு தாளுக்கு. அர்த்தநாரிக்கு யாராவது நாளை என்று சொன்னாலே காது அடைத்துக்கொள்ளும். நேரே வீட்டுக்கு வந்தார், அலமாரியைத் திறந்தார், பலகை மாதிரி இருந்த அந்தப் பத்திரிகையை எடுத்தார். மூலையில் மஞ்சள் தடவி, மினுமினு தாள் ஒட்டி, தூக்கினால் கை வலிக்கிற பத்திரிகை. கவர்மேல் வைத்து, சுத்தியலின் உருண்டைத் தலையால் விளிம்போடு டொக்டொக்கென்று தட்டிக்கொண்டே போனால் தாள் தானாக அறுந்து அச்சாக வரும். மில்லில் தினமும் செய்தது. தண்ணீர்க் குழாய்க்கும் நீராவிக் குழாய்க்கும் அவர் வெட்டின பேக்கிங் ஒழுகினதாக ஒருத்தனும் சொன்னதில்லை. அதுதான் மண்டையில் ஏறிக்கொண்டது. மில்லில் அதற்கென்று வருகிற ஷீட்டில் வெட்டினாய், இது மினுமினுப்புக் காகிதம், ஆயில் பட்டால் அடுக்குப் பிரியும் என்று ஃபிட்டருக்குத் தெரியாதா. தெரியும். தெரிந்துதான் செய்தார். பழைய தாள் ஒட்டிக்கொண்டு வராத இடத்தில் பிளேடைப் படுக்கவைத்துப் பொறுமையாகச் சீவவேண்டும், அவர் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார், நெம்பின இடத்தில் அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தது. நகத்தை விட்டால் மாட்டுகிற கீறல். அதைப் பார்த்ததும் பசையை அப்பினார். பசை எல்லாவற்றையும் மூடும் என்று நினைக்கிறவன் புத்தி. போல்ட்டுகள் பத்தும் ஒரே நீளம் இல்லை, எது எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே ஓட்டைக்குப் போகவேண்டும், அவர் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் குலுக்கிப் போட்டிருந்தார். நீளமான போல்ட் குட்டை ஓட்டையில் போய் அடிதட்டி நின்றது. கைக்கு இறுகின மாதிரி இருந்தது. கவர் அமுங்கவில்லை. அதோடு ஒரு பக்கத்தை முழுசாக முறுக்கிவிட்டு மறுபக்கத்துக்கு வந்தார், வேலை கற்க வந்த முதல் வாரத்துப் பயல்கூடச் செய்யமாட்டான். முடித்துவிட்டு, ஐந்தே நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, குளிக்கப் போய்விட்டார்.

இந்தத் தடவை எல்லாம் முறையாக. கடையில் கேஸ்கெட் கிடைத்தது. மெக்கானிக் யாருங்க என்றான் கடைக்காரன். நான்தான் என்றார். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை, ஆனால் ஒரு பார்வை பார்த்தான். பார்க்கட்டும். அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, பத்து ஓட்டை போட்டு, கழற்றின ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் ஓட்டையில் குத்தி வைத்தார். பழைய தாளையும் பசையையும் பிளேடால் சீவிச் சீவி எடுக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கீறலை எண்ணெய்க்கல்லில் லேசாக உரசி மட்டம் பண்ணினார். பெட்ரோலில் துடைத்து, காயவிட்டு, கேஸ்கெட்டை வைத்து, போல்ட்டுகளைக் கையாலேயே முதலில் ஓட்டி, அப்புறம் இந்த மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம், மூன்று சுற்று. ஆயிலை அளவுக்கு மேல் ஒரு கரண்டிகூட விடவில்லை. செய்யத் தெரியாதவன் இல்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது. தெரியாதவன் செய்தால் அது தப்பு. தெரிந்தவன் அவசரத்தில் செய்தால் அதற்கு என்ன பேர். பன்னிரண்டு நிமிடம். எஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடுகிற சத்தம், காலையில் ஆரம்பித்தால் நிற்காத சத்தம், குமாரபாளையத்தில் அது காதில் விழுவதே இல்லை யாருக்கும். இன்றைக்கு அவருக்கு ஒவ்வொரு அடியும் விழுந்தது. சொட்டுது சொட்டுது சொட்டுது என்று அடித்தது. சும்மா இரு.

ராசாமணிதான் முதலில் பார்த்தது. பதினோரு வருஷமாக வீட்டுவேலை செய்தவள், போர்ட்டிகோவை அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவள். அவர் பத்திரிகையை வெட்டிப் போட்டு நாலு நாள் ஆகியிருக்கும், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் வந்து ஈரத்துணியோடு நின்றாள். அய்யா, வண்டியில இருந்து என்னமோ சொட்டுதுங்க, தொடச்சாலும் பிசுபிசுன்னு நிக்குதுங்க என்றாள். அவர் பேப்பரை இறக்கவில்லை. உன்ற வேலையைப் பாரு என்றார். மூன்று வார்த்தை. அவருக்கு எப்போதும் மூன்று வார்த்தை போதும், அதில் ஒரு பெருமைகூட உண்டு. அவள் போய்விட்டாள். அவர் எழுந்து பார்த்தாரா. பார்த்தார். அன்றைக்கு இல்லை, மறுநாள், ராசாமணி இல்லாத நேரத்தில். காசளவுக்கு ஒரு சின்ன வட்டம், டைல்ஸ்மேல். பார்த்துவிட்டு அதன்மேல் ஒரு கோணிச்சாக்கை நகர்த்திப்போட்டார். வண்டியை வெளியே எடுத்துத் திரும்பக் கொண்டுவந்து ஓர் அடி தள்ளி நிறுத்தினார், சாக்கு ஓரிடத்தில், சொட்டு ஓரிடத்தில். வியாழக்கிழமை காலை எட்டு மணி. ராசாமணி போர்ட்டிகோவைத் துடைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். கீரைக்காரி கூப்பிடும் குரல். துளசிமணி இதோ வந்தேன் என்று போனாள். அப்புறம் ஒரு சத்தம். மூட்டையை இறக்கின சத்தம்தான், அவள் கத்தக்கூட இல்லை. அவர் ஓடி வந்தபோது ஒரு கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. திரும்பக்கூடாத பக்கம். சோப்புத்தண்ணி, பாவி, சோப்புத்தண்ணியை விட்டுட்டுப் போயிட்டா என்றாள் துளசிமணி, பல்லைக் கடித்துக்கொண்டு. அவளாகச் சொன்னது. அவர் சொல்லவில்லை. அதை எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாயிற்று. நான் சொல்லலை. நான் ஒண்ணும் சொல்லலை. அதுதானே விஷயம், ஒன்றும் சொல்லாததுதானே. சேலைக் கரையில் பழுப்பாக ஆயில் ஏறியிருந்தது. அவர் கண் அங்கேதான் போயிற்று, வலியில் துடிக்கிறவள் முகத்துக்குப் போகவில்லை. ராசாமணி ஓடிவந்து, நான் சோப்பே போடலீங்கம்மா, வெறும் தண்ணிதாங்க, சாமி சத்தியமா வெறும் தண்ணிதாங்க என்று அழுதாள். அழுதுகொண்டே தரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான். கை நீட்டிக் காட்டவில்லை, நான்தான் அன்னைக்கே சொன்னேனே என்று சொல்லவில்லை. அவர் சொல்லுவார் என்று நின்றாள். அவர், ஆட்டோவுக்குப் போன் போடோணும் என்றார்.

அந்தப் பார்வை. கோபமாக இருந்திருந்தால் தேவலை. கடையில் சாமான் வாங்கிவிட்டு மீதிக்குக் கையை நீட்டி நிற்பார்களே, அந்த மாதிரி. தரவேண்டியது வரும் என்று நிற்கிற பார்வை. ஆஸ்பத்திரியில் துளசிமணியைச் சேர்த்துவிட்டு, துணிமணி எடுக்க என்று வீட்டுக்கு வந்தவர் முதலில் செய்தது மரத்தூள் போட்டுத் தரையைத் துடைத்தது. அப்புறம் அந்தச் சேலையைத் துவைகல்லில் போட்டு மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தது. பார்க்க வந்த ஒறம்பரைக்காரர்கள், சொந்தபந்தங்கள் எல்லாம் அதையும் பார்த்தார்கள். பொண்டாட்டி சேலையை இந்த வயசுல கையால தொவைக்கிற மனுசன் என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அர்த்தநாரிக்கு அன்றைக்கு வாந்தி வந்தது, நிஜமாகவே வந்தது, கிணற்றடியில் போய் எடுத்தார். அதையும் அவர்கள் மனக்கஷ்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். எதைச் செய்தாலும் மாலையைத் தூக்கிக்கொண்டு வருகிற ஜென்மங்கள். ஆஸ்பத்திரிக்கே பார்க்கவந்த ராசாமணியைத் துளசிமணி வாசலோடு திருப்பினாள். என்ற மூஞ்சியில முழிக்காத, என்ற இடுப்பை ஒடச்சவ நீ, இத்தனை வருஷம் சோறு போட்டதுக்கு நல்லா செஞ்ச என்றாள். ராசாமணி டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். அவர் மருந்துச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கையெழுத்து ஒரு எழுத்தும் புரியவில்லை. புரியாததைத்தான் அவ்வளவு நேரம் படித்தார்.

"ஏனுங்ண்ணா, வண்டிக்கு ஜொரமா?" பக்கத்துவீட்டு வசந்தாமணி டீச்சர் மதில்சுவருக்கு மேலே தலையை நீட்டியிருந்தாள். ரிட்டையர் ஆகியும் வகுப்பு எடுப்பதை நிறுத்தாத பொம்பளை. "ஃபேனெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க. ஒரு போர்வையும் போத்திவிடுங்க."

"டெஸ்ட்டு," என்றார்.

"பாஸ் ஆயிடுமா?"

அவர் குனிந்து அட்டையைப் பார்த்தார். அவள் சிரித்துவிட்டுத் துணியை உதறிப் போட்டுவிட்டுப் போனாள். உள்ளே அறையிலிருந்து துளசிமணியின் குரல் தூக்கக் கலக்கத்தோடு வந்தது. "அந்தச் சனியனை நிறுத்தித் தொலைங்களே. மண்டைக்குள்ள ஓடுது."

"பத்து நிமிசம்."

"காலையில இருந்தே பத்து நிமிசம்."

பத்தொன்பது. அட்டை வெள்ளை. கண்ணைக் கொட்டினால் ஒரு கறுப்பு தெரிந்தது, குனிந்து பார்த்தால் இல்லை, கண்ணுக்குள்ளேயே மிதக்கிற பூச்சி. ஏழு வாரமாக அடியில் சாக்கை விரித்தே ஒப்பேற்றினார். மெக்கானிக் ஈஸ்வரன் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தால் அரைநாள் வேலை. போகவில்லை. ஈஸ்வரன் கவரைக் கழற்றினதும் பட்டறை பூராவும் கேட்கிற மாதிரி, யாருங்க இதுல கல்யாணப் பத்திரிகை வெச்சது என்பான். நாலு பேர் எட்டிப்பார்ப்பார்கள். ஒருத்தன் கேட்பான், உங்கூட்டம்மா விழுந்தாங்களே, அது எங்கீங்க விழுந்தாங்க. வண்டியை விற்றுவிடலாம் என்றும் பார்த்தார். ஏன் விக்கறீங்க என்பாள் துளசிமணி, இருவத்திரெண்டு வருஷமா என்னையைவிட அதைத்தானே தொடச்சீங்க என்பாள். தெருவில் நிறுத்தலாம். ஏன் தெருவுல நிறுத்தறீங்க. ஒரு பொய்யைச் சொல்லாமல் இருப்பதற்கு எத்தனை கதவைச் சாத்தவேண்டியிருக்கிறது. புது வேலைக்காரி ஒருத்தி வந்தாள், மூலைமுடுக்கெல்லாம் தூசி. ராசாமணியா இருந்தா என்று ஆரம்பித்துவிட்டுத் துளசிமணி பாதியில் நிறுத்திக்கொள்வாள். அந்தப் பாதி ஒரு நாளைக்கு நாலு தடவை வருகிறது. அவர் ஒவ்வொரு தடவையும் எதையாவது படிக்கிறார். மாத்திரை அட்டை, ஊறுகாய் பாட்டில், எதையாவது. போன வாரம் வாய்க்கால் மேட்டுப் பக்கம் போகும்போது ராசாமணியைப் பார்த்தார். தலையில் நூல்மூட்டை. அவளும் பார்த்தாள். நின்று, அம்மா எப்படி இருக்காங்க என்றாள். நல்லா இருக்கா என்றார். நடக்கறாங்களா. நடக்கறா. அவள் தலையை ஆட்டிவிட்டு மூட்டையைச் சரிசெய்துகொண்டு போனாள். இன்னும் கை நீட்டித்தான் நிற்கிறாள் என்று தோன்றிற்று அவருக்கு. மூட்டையோடு போகிறவள் எப்படிக் கை நீட்டுவாள். தோன்றிற்று.

இருபத்தாறு. இப்போது நன்றாகக் கொதிக்கிறது. ஆயில் தண்ணீராகத்தான் இருக்கும். ஒழுகுவதாக இருந்தால் இந்நேரம் ஒழுகியிருக்கவேண்டும். கவர் விளிம்பில் டார்ச் அடித்துப் பார்த்தார், கீழே மூலைபோல்ட்டின் தலையில் ஒரு மினுமினுப்பு, காகிதத்தைச் சுருட்டி ஒற்றியெடுத்துப் பார்த்தால் காகிதம் சுத்தம், வெறும் வெளிச்சம். ஒழுகவில்லை. செய்தால் சரியாகச் செய்வான் அர்த்தநாரி. சந்தோஷம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தார். வரவில்லை. அட்டை அப்படியே வெள்ளையாகக் கிடந்தது, அதைப் பார்க்கப் பார்க்க வாய்க்குள் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுகிற எச்சில். இனிமேல் சொட்டாது. இனிமேல் ஒருத்தருக்கும் தெரியாது. பழைய தாள் சாக்கில், சாக்கைக் குப்பைவண்டிக்காரன் நாளைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான். அன்றைக்கு விழுந்தது சோப்புத்தண்ணீரில்தான் என்று இந்தக் காய்ந்த தரையே சாட்சி சொல்லும். இதற்குத்தான் காலையிலிருந்து குனிந்து கிடந்தானா. பெண்டாட்டி வழுக்காமல் நடக்கவேண்டும் என்று செய்தேன். ஆமாம், அதற்கும்தான். அதற்கும்தான் என்று சொல்லும்போதே அந்த உம்மில் எவ்வளவு இருக்கிறது பார். ஒரே ஒரு சொட்டு விழு என்று அவருக்கே தெரியாமல் ஒரு நினைப்பு ஓடியது. விழுந்தால் கேட்பாள், என்ன அது என்று. கேட்டால் சொல்லிவிடலாம். கேட்காமல் எப்படிச் சொல்வது. யாராவது பிடித்து இழுத்தால்தான் இந்த வாயிலிருந்து வரும், ஆயில்கூடத் தானாக வருகிறது. முப்பத்திரண்டு நிமிடம். சாவியைத் திருப்பி நிறுத்தினார். அந்த நிசப்தத்தில் தறிச்சத்தம் திடீரென்று பக்கத்தில் வந்து நின்றது.

நிறுத்தின கையோடு உள்ளே வாக்கர் ஊன்றுகிற சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். நிலைப்படியில் துளசிமணி தெரிந்தாள். ஏழு வாரத்தில் பாதியாக இளைத்துவிட்டாள், தலை வாரிப் பூ வைத்திருந்தாள், எங்கோ கல்யாணத்துக்குக் கிளம்பினவள் மாதிரி.

"ஒழுகுதா?"

"இல்ல."

"அப்பாடா. அதுங்கூடவே குடித்தனம் நடத்தினீங்க."

அவர் எழுந்து கையை நீட்டினார். "வேண்டாம். அந்தப் புள்ள தனியாத்தான் நடக்கோணும்னு சொல்லியிருக்குது," என்றாள். வாக்கரின் நாலு காலும் டைல்ஸில் ஊன்றின. அவள் வலது காலை இழுத்து முன்னால் வைத்தாள். கண் தரையிலேயே இருந்தது. பயந்துகொண்டு வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு வைத்தாள். மூன்றாவது அடியில் நிமிர்ந்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாள். அவருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"துளசியக்கா, வெளிய வந்தாச்சா." வசந்தாமணி டீச்சர் மறுபடியும் சுவருக்கு மேலே. "பாக்கவே நெம்ப சந்தோசமா இருக்குதுங்க்கா. நானே உள்ளார வந்து ஒரு விசயம் கேக்கோணும்னு இருந்தேன். ராசாமணி நேத்து எங்கூட்டுக்கு வேலை கேட்டு வந்தா. நூல் மூட்டை சுமந்து முட்டி புடிச்சுக்கிச்சாம். உங்களைக் கேக்காம வெச்சா நல்லா இருக்காதில்ல."

துளசிமணி நின்றாள். வாக்கரைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. "வெச்சுக்கறது உன்ற இஷ்டம் வசந்தா. கை சுத்தம். ஒரு ரூவா கீழ கெடந்தாலும் எடுத்துக் குடுப்பா, அதையெல்லாம் நான் இல்லீன்னு சொல்லமாட்டேன். ஆனா உங்கூட்டுல மாமியாருக்கு எம்பது வயசு. அவங்க நடக்கற எடத்துல இவளைத் தொடைக்க உடாத. சோப்புத்தண்ணியை அப்படியே உட்டுட்டுப் போயிருவா. கேட்டா போடவே இல்லீன்னு சாதிப்பா. என்ற கதிதான் பாக்கறயே."

"அய்யோ, அப்படீன்னா எனக்கெதுக்குங்க்கா வம்பு. வேண்டாம்னு சொல்லிடறேன்."

சொல்லட்டுமே என்று அவருக்குள் ஒரு குரல். இன்னொரு வீட்டில் வேலை கிடைக்காதா அவளுக்கு. கிடைக்கும். முட்டி. முட்டி பிடித்துக்கொண்டது என்றாளே. படிப்பதற்குக் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒன்றும் இல்லை. அட்டைகூட வெள்ளை.

"சொல்லாதீங்க," என்றார் அர்த்தநாரி.

இரண்டு பெண்களும் திரும்பினார்கள்.

"அது சோப்பு இல்ல."

"எதுங்ண்ணா?"

"அன்னைக்கு. ஆயில் அது. என்ற வண்டி ஆயில்."

டீச்சர் துளசிமணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே சுவருக்குக் கீழே போய்விட்டாள்.

துளசிமணி வாக்கரிலிருந்து கையை எடுக்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை, கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேன்னா?"

"நீ கீழ கெடக்கறப்பவே."

"அவளுக்கு?"

"தெரியும். முன்னாலயே வந்து சொன்னா, சொட்டுதுன்னு. நான்தான் கேக்கல."

"தெரிஞ்சும் உங்களைக் காட்டிக்குடுக்கல." கேள்வியாகக் கேட்கவில்லை. "நான் ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சு அவளை என்ன பேச்செல்லாம் பேசினேன்."

திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். நாற்பத்தைந்து வருஷமாக வாங்கின திட்டு, அது வந்தால் போதும், அதில் நனைந்து கரையேறிவிடலாம். வரவில்லை. தறிகள் அடித்துக்கொண்டே இருந்தன. அவள் மூச்சு வாங்கினாள், நடந்ததால்தானா என்று தெரியவில்லை.

"அவ வூடு தெரியுமா?"

"வாய்க்கால் மேட்டுல."

"போய்ச் சொல்லுங்க. அவ மகன், மருமக எல்லாம் இருக்கறப்ப சொல்லுங்க. இப்ப எங்ககிட்டச் சொன்னாப்பல ரெண்டு வார்த்தையில முடிச்சுப்போட்டு வராதீங்க. பொறுமையா நின்னு, முழுசாச் சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். கை தானாகச் சாவிக்குப் போயிற்று.

"வண்டி வேண்டாம். நடந்து போங்க."

"ரெண்டு மைல் இருக்குது."

"இருக்கட்டும்."

"கையைக் கழுவிட்டு..."

"அப்படியே போங்க."

அவர் விலகி நின்றார். அவள் வாக்கரைத் தூக்கி முன்னால் வைத்து, காலை இழுத்து வைத்து, அவரைத் தாண்டி கேட் வரைக்கும் போனாள். தொட்டுவிட்டு அங்கேயே திரும்பி நின்றாள், அவர் போவதற்கு வழி விட்டு. அர்த்தநாரி செருப்பை மாட்டினார். கேட் தாழ்ப்பாளை இழுக்கும்போது அதில் கறுப்பாக விரல் பதிந்தது. தெருவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. முதலில் என்ன சொல்வது என்று யோசித்தார். வாய்க்கால் வரைக்கும் நேரம் இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லவேண்டும், அந்தப் பத்திரிகையிலிருந்து.